ஒருசந்தியும் ஒரு பழைய கடனும்

எங்கள் வீட்டில் தவக்காலம் வந்துவிட்டது என்பது முதலில் தெரிவது குளிர்பதனப் பெட்டியில்தான். கோழியும் ஆடும் காலியாகி, அந்த இடத்தைத் தோசை மாவும் முருங்கைக்காயும் பிடித்துக்கொள்ளும். பாட்டி இருந்த காலத்தில் இதற்கென்றே இரண்டு சொற்கள் வீட்டில் புழங்கின. ஒரு வேளை மட்டும் வயிறார உண்டால் அது ‘ஒருசந்தி’. இறைச்சியைத் தொடாமல் இருந்தால் ‘சுத்தபோசனம்’. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி; தவக்காலத்து வெள்ளி ஒவ்வொன்றும் சுத்தபோசனம். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி 18 வயதிலிருந்து 59 வரைதான் கடமை. பாட்டியோ 70 தாண்டியும் விடவில்லை.

நானும் விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. சாம்பல் புதனிலிருந்து புனித சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு ஆறையும் கழித்தால் 40. நான் ஞாயிற்றுக்கிழமையையும் கழிக்காமல் 46 நாளும் இறைச்சி தொடாதவன். பினாங்கில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது லேசான காரியமா? இரவு பத்து மணிக்கு நாசி கண்டார் கடையைக் கடந்து வீட்டுக்குப் போவதே பெரிய தவம் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

இந்த 2025-ஆம் ஆண்டு எங்கள் ஊருக்கே நோன்புப் பருவம். பிப்ரவரி 11-இல் தைப்பூசம். அதற்கு முன்பே விரதம் தொடங்கியவர்கள் பால்குடத்தோடும் காவடியோடும் தண்ணீர்மலை ஏறினார்கள். மார்ச் 2-இல் ரமலான் பிறந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் மாலையில் நோன்புக் கஞ்சிக்கு வரிசை நின்றது. மார்ச் 5-இல் எங்கள் நெற்றியில் சாம்பல். போன ஆண்டு குருத்து ஞாயிறன்று கையில் பிடித்த ஓலைகளை எரித்து எடுத்த சாம்பல் அது.

அந்த வாரத்து வெள்ளி, மார்ச் 7. வேலை முடிந்ததும் பினாங்கு சாலையிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்துக்குப் போனேன். 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த ஆலயம் அது. பாட்டி சிலுவைப்பாதை செபித்ததும் அங்கேதான். அன்றைய திருப்பலியின் முதல் வாசகம் எசாயா 58. சாம்பல் புதனை அடுத்த வெள்ளியன்று ஆண்டுதோறும் வாசிக்கப்படும் பகுதி. நாங்கள் நோன்பிருக்கிறோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் கடவுளிடம் முறையிடுகிறார்கள். நோன்பு நாளிலும் உங்கள் ஆதாயத்தைத்தானே பார்க்கிறீர்கள், உங்கள் வேலையாட்களை வாட்டுகிறீர்களே என்று அவர் திருப்பிக் கேட்கிறார்.

எத்தனையோ முறை கேட்ட வாசகம். அன்று மட்டும் ஒரு முகம் நினைவுக்கு வந்தது.

நான் சிறிய அளவில் விருந்துச் சமையல் தொழில் செய்கிறேன். 2020-இல் என்னிடம் ஓர் அக்கா வேலை பார்த்தார். காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, பந்தியில் பரிமாறுவது எல்லாம் அவர்தான். மாதம் 1,200 வெள்ளி. ஒரு கல்யாண வீட்டுப் பணம் வரத் தாமதமானதால் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருந்தேன். மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதுவும் தவக்காலத்தின் நடுவில்தான். ஆலயமும் மூடியது, என் அடுப்பும் அணைந்தது. “கொஞ்சம் பொறுங்கக்கா, தந்துடுறேன்” என்றேன். இரண்டு, மூன்று முறை தொலைபேசியில் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

கோவிட் என் தொழிலை முடக்கியது உண்மை. ஆனால் அந்த 2,400 வெள்ளி, கோவிட் வருவதற்கு முன்பே நான் கொடுத்திருக்க வேண்டிய பணம். இதை என் மனைவியிடம்கூட நான் அப்படிச் சொன்னதில்லை. பிறகு தொழில் எழுந்தது. 2022-இல் வேன் ஒன்று வாங்கினேன். தவக்காலக் காணிக்கைப் பெட்டியில் ஆண்டுதோறும் 50 வெள்ளி போட்டேன். அக்காவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் ரைபிள் ரேஞ்ச் பக்கம் ஆர்டர் வந்தால் அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று வேறு ஆளை அனுப்பியவன் நான்.

மறைக்கல்வி வகுப்பில் சிறுவயதில் மனப்பாடம் செய்திருக்கிறேன்: வேலையாளின் கூலியைப் பிடித்து வைப்பது, விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று. கொலையோடு சேர்த்து எண்ணப்படும் பாவம். அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

மறுநாள் சனிக்கிழமை ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போனேன். கோபம், பொறாமை என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிவிட்டுக் கடைசியில் இதையும் சொன்னேன். குருவானவர் நீளமாக எதுவும் பேசவில்லை. பாவம் மன்னிக்கப்படும், ஆனால் செய்த அநீதிக்கு ஈடு செய்யும் கடமை அதோடு போய்விடாது, அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள் என்றார்.

மார்ச் 14, வெள்ளிக்கிழமை. உறையில் 2,400 வெள்ளி வைத்துக்கொண்டு ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க தம்பி. யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?”

ஐந்து வருடம் கழித்து நான் வந்தால் துக்கச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். உறையை நீட்டினேன். எண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு தாளாக, அவசரமில்லாமல் எண்ணினார்.

“இப்ப எதுக்குத் தம்பி?”

சொன்னேன். வாசகத்தை, குருவானவரை, நோன்பை எல்லாம். கேட்டுக்கொண்டே உள்ளே போய்க் கடுங்கோப்பி கலக்கி வந்தார். பிறகுதான் அந்த வருடம் நடந்ததைச் சொன்னார். வாடகை கட்ட, அம்மா போட்ட தோட்டை அடகுக் கடையில் வைத்தாராம். என்னிடமிருந்து பணம் வரும், மீட்டுவிடலாம் என்று காத்திருந்தாராம். தவணை தாண்டி, தோடு முழுகிப்போனது.

எனக்கு எரிகோ நகரத்துச் சக்கேயு நினைவுக்கு வந்தான். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவின் முன் எழுந்து நின்று சொன்னவன். அந்த வேகத்தில் நானும், “அக்கா, நாலு மடங்கா, 9,600 வெள்ளியா தந்துடுறேன். கொஞ்சம் கொஞ்சமா...” என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “உங்க புண்ணியக் கணக்கெல்லாம் எனக்கு வேணாம் தம்பி. எங்கம்மா தோடுதான் போச்சு. அது மாதிரி ஒண்ணு வாங்கிக் கொடுத்தா வாங்கிக்கிறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் வாசலில் நின்றபோதும் என் ஆன்மாவைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன், அவருடைய காதைப் பற்றி அல்ல. அங்கே மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “கோப்பி ஆறுது” என்றார். ஆறுவதற்குள் குடித்தேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டினாள், பிறகு கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். லிட்டல் இந்தியா நகைக்கடையில் விசாரித்தோம். இன்றைய தங்க விலையில் ஒரே மூச்சில் முடியாது. மாதாமாதம் ஒதுக்கினால் ஆண்டு இறுதிக்குள் வாங்கிவிடலாம். இறைச்சி வாங்காமல் மிச்சமாகும் பணமும் இப்போது அந்த டப்பாவுக்குத்தான் போகிறது. “இது தானமா அப்பா?” என்று மகள் கேட்டாள். இல்லை, கடன் என்றேன். காணிக்கைப் பெட்டியில் நான் போட்டுவந்த 50 வெள்ளியும் முதலில் அக்காவுடையதுதான் என்பதை அவளுக்கு விளக்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் விளக்கினேன்.

ஏப்ரல் 20-இல் உயிர்ப்புப் பெருவிழா. அன்று எங்கள் வீட்டில் மறுபடி கோழி வேகும். தோடு அதற்குள் வராது. ஆகவே என் தவக்காலம் இந்த ஆண்டு 46 நாளில் முடியப்போவதில்லை.

வாசகர்களே, நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். வீட்டு வேலைக்கு வந்தவர், தையற்காரர், கடையில் உதவிக்கு நின்ற பையன் என்று யாருக்காவது நீங்கள் தரவேண்டிய பாக்கி இருக்கிறதா? இருந்தால் அடுத்த விரதம் வரைக்கும் காத்திருக்காதீர்கள். அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டதால் கடன் தீர்ந்துவிட்டது என்று நான் ஐந்து வருடம் நம்பியிருந்தேன்.