மறுப்புக் கடிதம் வந்துவிட்டதா?

சின்னசேலம் ரயிலடியில் நீங்கள் வழியனுப்பிய பிள்ளை, முதுகு பழுதுபட்டுப் படையிலிருந்து திரும்பியிருக்கலாம். "இது பணியால் வந்ததன்று, ஊன ஓய்வூதியம் இல்லை" என்று ஒரு கடிதமும் பின்னாலேயே வந்திருக்கலாம். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

தரம்வீர் சிங் என்பார் 1985-இல் இராணுவத்தில் சேர்ந்தவர். வலிப்பு நோயால் 20 விழுக்காடு ஊனத்துடன் 1994-இல் விடுவிக்கப்பட்டார். ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. வழக்காடினார், 2013-இல்தான் உச்சநீதிமன்றத்தில் வென்றார். எத்தனை ஆண்டுகள், பாருங்கள்! சேரும்போது நோய் குறிக்கப்படவில்லையெனில், அவர் நலமுடன் சேர்ந்ததாகவே கொள்ளவேண்டும். பணியால் வரவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது என்றது தீர்ப்பு. முதுகெலும்பில் ஜவ்வு விலகியவருக்கும் இந்நியாயம் துணைநிற்கும். விபத்தில் அடிபட்டவரோ, அதற்கும் பணிக்கும் உள்ள தொடர்பைக் காட்டவேண்டும். (2023 செப்டம்பர் 21-க்குப் பின் வெளிவந்தோர்க்குப் புதிய விதிகள்.)

ஆகவே, சேர்ந்தபோதைய மருத்துவத் தாள், விடுவிப்பு மருத்துவக் குழுவின் அறிக்கை, காயம்பட்டபோது எழுதப்பட்ட அறிக்கை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கடிதம் கிடைத்த 6 மாதங்களுக்குள் முதல் மேன்முறையீடு, பிறகு இரண்டாவது, அதற்கும் மேல் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். கெடு தவறியிருந்தாலும் தக்க காரணம் கூறி மனுச் செய்யலாம். "முதுகுவலி" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நாளில், எந்தப் பணியில், எந்த எலும்பில் என்று எழுதுங்கள்.