முப்பதில் வைத்தால் வீடு சீக்கிரம் சூடாகுமா? தெரியுமா உங்களுக்கு?

லண்டனில் புது வீட்டுச் சாவி கைக்கு வந்தாயிற்று. சாமி படம் வைத்துப் பால் காய்ச்சி, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியும் ஆயிற்று. நவம்பர் குளிர். மாடிப்படி ஓரம் சுவரில் வட்டமாக ஒரு டயல். அதைக் கண்டதும் நம்மவர்கள் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? பிடித்து ஒரே திருகாக முப்பதில் வைப்பது! நானும் வைத்தேன். நடுராத்திரி வியர்த்துக் கொட்டி எழுந்து, ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுத்தேன். காசு கொடுத்து கேஸ் எரித்துத் தெருவைக் குளிர்காய வைத்த புண்ணியம் எனக்குச் சேர்ந்தது.

இருபதில் வைத்தாலும் முப்பதில் வைத்தாலும் வீடு சூடேறும் வேகம் ஒன்றுதான், தெரியுமா? அந்தத் தெர்மோஸ்டாட் அடுப்புத் திருகு மாதிரி தீயைக் கூட்டிக் குறைக்காது. பாய்லரோடு பேசித் தீயின் அளவையே மாற்றுகிற புது ரகங்கள் வந்துவிட்டன, உண்மைதான். ஆனால் சாதாரண ரகத்துக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை: "எரி", "நிறுத்து". அயர்ன் பாக்ஸ் சூடானதும் 'டக்'கென்று சிவப்பு விளக்கு அணைகிறதே, அதே குடும்பம்தான் இதுவும்!

அயர்ன் பாக்ஸுக்குள் அந்த 'டக்'கைச் செய்வது எது? ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு உலோகத் தகடுகள். சூடு பட்டால் ஒன்று அதிகம் நீளும், மற்றது கொஞ்சமாக நீளும். பிரிய முடியாததால் இரண்டும் சேர்ந்து வளையும். வளைந்ததும் மின்தொடர்பு அறும். இந்த இரட்டைத் தகட்டைக் கண்டுபிடித்தவர் அடுப்புக்காரரும் இல்லை, கொதிகலன்காரரும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில், கப்பலில் நேரம் தவறாத கடிகாரம் செய்ய ஆயுளையே செலவிட்ட ஜான் ஹாரிசன்! வெயிலிலும் குளிரிலும் கடிகாரம் ஒரே சீராக ஓடவேண்டுமே என்று யோசித்ததில் பிறந்தது அது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 2006இல் அவருக்குப் பதித்த நினைவுக்கல்லில் இரண்டு உலோகங்களாலான கோடு ஒன்று ஓடுகிறது. ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளை அங்கே கூட்டிப்போகும்போது, கூரையைப் பார்த்தது போதும் என்று கொஞ்சம் தரையையும் பாருங்கள்.

'தெர்மோஸ்டாட்' என்ற பெயரோடு 1830இல் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர். அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கார்னெலிஸ் டிரெபல் என்ற டச்சுக்காரர், தானே சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றை இங்கிலாந்தில் செய்துவிட்டார். மனிதருக்காக அல்ல, கோழி முட்டை பொரிக்க! அமெரிக்காவின் விஸ்கான்சினிலோ ஒரு வாத்தியாரின் எரிச்சல் வேலை செய்தது. பணியாளர் வகுப்பறைக்குள் வந்து, குளிர்கிறதா வேர்க்கிறதா என்று பார்த்துவிட்டு, நிலவறைக்கு இறங்கிப்போய்ச் சூட்டைச் சரிசெய்வார். பாடம் நடுவில் நிற்கும். பொறுக்கமாட்டாமல் வாரன் ஜான்சன் என்ற அந்த ஆசிரியர் மின்சார அறைத் தெர்மோஸ்டாட் செய்து, 1883இல் காப்புரிமையும் வாங்கினார்.

இதெல்லாம் இருக்கட்டும். என்னைக் கேட்டால், வீட்டில் இருக்கும் பெரிய அதிசயம் சுவரில் இல்லை, ரேடியேட்டரின் ஓரத்தில் இருக்கிறது. 1 முதல் 5 வரை எண் போட்ட வெள்ளைத் தலை ஒன்று உண்டே, அதற்குக் கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ஆப் வேண்டாம். உள்ளே இருப்பது கொஞ்சம் மெழுகு, இல்லையென்றால் திரவம். அறை சூடானால் அது விரிந்து ஊசியை அழுத்தும், வெந்நீர் வருகிற வழி அடைபடும். அறை ஆறினால் சுருங்கும், வழி திறக்கும். டென்மார்க்கின் மாட்ஸ் கிளாசன் 1943இல் உருவாக்கிய இந்த வால்வில் 3 என்றால் சுமார் 20 டிகிரி. பனிப்பூ மாதிரி ஒரு குறி இருக்கிறதே, அது சுமார் 7 டிகிரி. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பாய்லரையே அணைத்துவிட்டுப் போகாமல், எல்லாவற்றையும் குறைத்து வைத்துவிட்டுப் போவதற்கான ஏற்பாடு. குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால் திரும்பி வரும்போது ஹாலில் நீச்சலடிக்கலாம்!

தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்து ரேடியேட்டரில் மட்டும் இந்தத் தலை இல்லையா? மாட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். அங்கே வால்வு இருந்து 18 டிகிரியிலேயே மூடிக்கொண்டால், 21 வரட்டும் என்று காத்திருக்கும் தெர்மோஸ்டாட் பாய்லரை நிறுத்தவே நிறுத்தாது. இரண்டு காவல்காரர்கள் ஒரே வாசலில் நின்று சண்டை போடுகிற கதை! அப்படி வால்வு இருந்தால் முழுக்கத் திறந்தே வையுங்கள். நம் சமையலறை செய்கிற கூத்து இதற்கு நேரெதிர். சாம்பார் கொதித்து, குக்கர் நாலு விசில் அடித்து, அந்தச் சூடு பக்கத்துச் சுவருக்கு வந்தால், தெர்மோஸ்டாட் "போதும், நிறுத்து" என்றுவிடும். மாடியில் பிள்ளை போர்வைக்குள் நடுங்கும்.

வெளிச்சுவரில் பாய்லர் குழாய் வெள்ளையாகக் கக்குவது புகை அல்ல, பெரும்பாலும் நீராவி! இங்கிலாந்தில் 2005இலிருந்து புதிதாக மாட்டுகிற கேஸ் பாய்லர்கள் அநேகமாக எல்லாமே, வெளியேறும் ஆவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்கிற வகை. ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும். அதனால் பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட திருகை 60க்கு இறக்கிப் பாருங்கள். வெந்நீரைச் சேமிக்கும் சிலிண்டர் வீட்டில் இருந்தால் மட்டும் இஷ்டத்துக்கு இறக்காதீர்கள். அந்தத் தண்ணீர் 60 டிகிரியில் இருக்கவேண்டும், இல்லையென்றால் லெஜியோனெல்லா கிருமி குடியேறும்.

கடைசியாக ஒன்று. குளிர்காலம் தொடங்கும்போது ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் சண்டித்தனம் பண்ணுகிறதா? மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் அந்த வெள்ளைத் தலையைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். நடுவில் பால்பாயின்ட் பேனா முனை மாதிரி ஓர் ஊசி தெரியும். கோடை முழுக்க அழுந்திக் கிடந்ததில் அது சிக்கியிருக்கும். லேசாகத் தட்டி, அழுத்தி விட்டால் துள்ளி எழும். வரும் கோடையிலிருந்து தலையை 5இல் வைத்துவிடுங்கள், சிக்காது. பிளையரால் பிடித்து இழுக்க மட்டும் வேண்டாம்: ஊசி கையோடு வந்தால் பின்னாலேயே தண்ணீரும் பீய்ச்சிக்கொண்டு வரும்.