அலமாரிக் கதவு

தொண்டி கடற்கரை ஊர். அங்கே காற்றில் ஈரம் மிகுதி. மரம் அவ்வீரத்தை ஏற்று அகலவாட்டிற் பருக்கும், வறட்சியிற் சுருங்கும். ஆதலின் அலமாரிக் கதவுக்கு நாற்புறமும் சட்டமிட்டு, நடுவே பலகையை அமைப்பர். சட்டங்களின் உள்விளிம்பிற் காடியும், குறுக்குச் சட்டங்களின் முனையில் நாக்கும் சுழல்கத்திப் பொறியால் வெட்டப்படும்.

முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, நாக்கும் காடியும் நேராகும் வண்ணம் கத்தியின் உயரத்தை அமைத்தல் வேண்டும். சட்டங்கள் அனைத்தின் முன்முகமும் கீழ்நோக்கியே இருத்தல் வேண்டும். கழிவுக் கட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, இரண்டன் முகமும் சமமான பின்னரே நல்ல மரத்தை எடுக்கலாம். கத்தி சுழலும் திசைக்கு எதிராகவே மரத்தைச் செலுத்துதல் வேண்டும். மாறிச் செலுத்தின் கத்தி மரத்தைப் பறிக்கும். விரலுக்கும் ஊறு நேரும்.

நடுப்பலகையைப் பசையிட்டு ஒட்டலாகாது. காடியுள் அது பருக்கச் சிறிது இடம் இருப்பின், மழைக்காலத்தும் கதவு கோணாது. கோடையிலும் பலகை பிளவாது.