கபடி சோறு போடுமா? முழங்காலைக் கேளுங்கள்!

"டாக்டர், பையன் எந்நேரமும் கபடி கபடின்னே திரியறான். இது சோறு போடுமா?"

சுருளிப்பட்டியில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு இருக்கலாம். பதில்... போடும்! ஆனால், அந்தச் சோற்றைச் சுமந்து வருவது முழங்கால். அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

கிராமத்திலிருந்து கிளம்பியவர்கள்

தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்துக்காரர் கணேசன். 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். 1995-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். 2025-ல் வந்த 'பைசன்' படம் இவர் வாழ்க்கையைத் தழுவியதுதான். தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த சேரலாதன் 2016-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தபோது, அவருக்கு வயது 41! பெண் பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் தங்கம் வென்ற இளையோர் அணியின் துணை கேப்டன், சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. தமிழக அரசு அவருக்கு 25 லட்ச ரூபாய் கொடுத்தது.

ஊர் டீம், பள்ளிக்கூடம், விளையாட்டு விடுதி, பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, போலீஸ் என்று ஒரு வேலை. பலருடைய பாதை இதுதான். 2014-ல் புரோ கபடி வந்த பிறகு கோடிகளும் வந்தன.

ஒரே நொடியில்...

2022-ல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தது தமிழ் தலைவாஸ். முதல் மேட்சிலேயே முழங்காலில் அடி. அந்த சீசன் முழுக்க அவரால் ஆட முடியவில்லை! ஆனாலும் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு கேப்டனாக இருந்து தங்கம் வாங்கித் தந்தார். அடிபட்ட கால் திரும்பவும் ஆடும். முறையான வைத்தியமும் பொறுமையும் இருந்தால்!

கபடியில் கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில்தான் இறங்கும். உள்ளே இருக்கும் தசைநார் அறுந்தால் 'டப்' என்று சத்தம் கேட்கலாம். சில மணி நேரத்தில் வீங்கும். நடக்கும்போது கால் மடங்கி விழப் பார்க்கும்.

நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் சொல்கிறேன்: அடிபட்ட உடனே எண்ணெய் போட்டு உருவாதீர்கள்! முதல் இரண்டு மூன்று நாள் உருவுதல், ஒத்தடச் சூடு எதுவும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை 15 நிமிடம் வைத்து எடுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். தசைநார் கிழிசல் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். உளுந்துத் தைலமும் வர்ம சிகிச்சையும் அதற்கப்புறம், தேர்ந்த வைத்தியர் கையால். தசைநாருக்கு ஆபரேஷன் ஆனால், திரும்ப ஆட சுமார் 9 மாதம் ஆகும். அவசரப்பட்டு இறங்கினால் மறுபடியும் அறுந்துவிடும்.

பெற்றோர் கவனிக்க!

* எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடப்பது, தண்ணீர் குடிக்காமல் வியர்க்க ஓடுவது... இரண்டுமே ஆபத்து. மயக்கம் வரும், சிறுநீரகம் கெடும்.

* உளுந்தங்களி, கேழ்வரகு, முட்டை, சுண்டல் தாராளமாகக் கொடுங்கள்.

* தொடைத் தசை வலுவாக இருந்தால்தான் முழங்கால் தாங்கும். ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் உடம்பைச் சூடேற்றும் பயிற்சி கட்டாயம்.

* படிப்பை விடச் சொல்லாதீர்கள். ஒதுக்கீட்டில் வேலைக்குப் போகவும் படிப்பு வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் ஆடிய சேரலாதன் போன்றவர்கள் அபூர்வம்.

ஆடும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். நொண்டிக்கொண்டு வந்தால் மட்டும், "ஒண்ணுமில்லம்மா" என்று அவன் சொல்வதை நம்பிவிடாதீர்கள்!