அனைவருக்கும் இணையம்: அறிவிப்பும் அனுபவமும்



இந்த நினைவுச் சொற்பொழிவில் இணையத்தைப் பற்றிப் பேசும்படி தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மாநாட்டிலிருந்து தொடங்குகிறேன். 2008 டிசம்பர் 3 முதல் 6 வரை ஐதராபாத்தில் ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றம் கூடியது. 2005இல் துனிஸ் நகரில் நடந்த தகவல் சமூக உச்சி மாநாட்டின் முடிவால் பிறந்த மன்றம் அது. ஏதென்ஸ், ரியோ டி ஜெனிரோ நகரங்களை அடுத்து மூன்றாவது கூட்டம் ஐதராபாத்துக்கு வந்தது. அரசுகள், நிறுவனங்கள், தொழில்நுட்ப வல்லுநர்கள், பொதுநல அமைப்பினர் எல்லோரும் அங்கே சமமாக அமர்ந்து பேசலாம். ஆனால் யாரையும் கட்டுப்படுத்தும் தீர்மானம் எதையும் அங்கே நிறைவேற்ற முடியாது. அதன் அமைப்பே அப்படி. ஐதராபாத் கூட்டத்தின் மையப்பொருள் 'அனைவருக்கும் இணையம்'.

'அனைவருக்கும்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு மகாடு நினைவுக்கு வர வேண்டும். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று 1923இல் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய் சட்டசபை ஏற்றது. 1924இல் மகாடு நகராட்சி தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. ஆனால் நம் மக்கள் அதில் ஒரு கை நீர் அள்ள 1927 மார்ச் 20 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகப் போய் நீர் அருந்தியவர்கள் அடி வாங்கினார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழிப்புச் சடங்கு நடந்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போய் 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. தீர்மானத்திலிருந்து தீர்ப்பு வரை 14 ஆண்டுகள்.

ஆகவே ஒரு பொதுவளம் திறந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நாம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். அங்கே போகும் வழி யாருடைய தெருவில் இருக்கிறது? கணக்கை எழுதுபவர் யார்? பூட்டுகிற சாவி யாரிடம்? நாம் அள்ளும்போது அடி விழுந்தால் சட்டம் யார் பக்கம்?

முதலில் வழி. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017-18இல் நடந்தது. இந்தியக் குடும்பங்களில் இணைய வசதி உள்ளவை 23.8 விழுக்காடு என்றது அது. நகர்ப்புறத்தில் 42 விழுக்காடு, கிராமப்புறத்தில் 14.9 விழுக்காடு. அதன் பிறகு திறன்பேசி பெருகியிருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் ஒரு பேசி இருந்து, அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால், வீட்டிலிருக்கும் மகளுக்கு இணையம் இல்லை. 2020இல் பள்ளிகள் மூடியபோது இதை நாம் கண்ணால் பார்த்தோம். சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011இல் ஒப்புதல் தந்தது. இன்று அதன் பெயர் பாரத்நெட். கம்பி ஊராட்சிக்கு வருகிறது, சரி. ஊராட்சி அலுவலகம் எங்கே இருக்கிறது? பல கிராமங்களில் அது ஊருக்குள் இருக்கிறது. நம் குடியிருப்பு ஊருக்கு வெளியே இருக்கிறது. கடைசி அரை கிலோமீட்டரை அளப்பது பொறியாளரின் வேலை மட்டும் அல்ல. மாணவத் தோழர்கள் தங்கள் ஊரில் நோட்டும் பேனாவுமாக இறங்கிச் செய்ய வேண்டிய ஆய்வு இது.

இரண்டாவது கணக்கு. இணைப்பு இல்லாததால் ஏற்படும் இழப்பை எல்லோரும் பேசுகிறார்கள். இணைப்பு கட்டாயமாக்கப்படுவதால் ஏற்படும் இழப்பை நாம்தான் பேச வேண்டும். நூறு நாள் வேலையில் பெண்களும் தலித்துகளும் பெருமளவில் இருக்கிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் வருகையைக் கைப்பேசிச் செயலியில் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இருமுறை தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். முன்பு வருகைப் பட்டியல் காகிதத்தில் இருந்தது, கை வைத்துக் காட்டி, "என் பெயர் எங்கே?" என்று கேட்கலாம். செயலியில் சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாவிட்டால், குழி வெட்டிய உடம்பு வலி உண்மை, வருகை மட்டும் பொய். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அந்த ஆண்டு தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து போராடியது இதற்காகவும்தான். கொரோனா தடுப்பூசியிலும் இதே கதை. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்கு இணையத்தில் முன்பதிவு கட்டாயம் என்றார்கள். எண்ணியல் வசதியற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது.

மூன்றாவது பூட்டு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. என்ன நடந்தது என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் கட்டப்பட்டது. அதற்கு ஏழு வாரம் முன்பு, ஏப்ரல் 2 அன்று வட இந்தியாவிலும் பல இடங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தளர்த்திய மார்ச் 20 தீர்ப்பை எதிர்த்து நம் மக்கள் நடத்திய பாரத் பந்த் நாள் அது. பெருமளவில் கைப்பேசி வழியாகவே அழைப்பு பரவியது. பலர் உயிரிழந்தார்கள். அந்த எழுச்சிக்குப் பிறகு ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதன் வலுவை மீட்டது.

இணைய முடக்கம் குறித்து 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசமைப்பின் 19ஆவது பிரிவின் பாதுகாப்பில் வரும். காலவரையற்ற முடக்கம் கூடாது. முடக்க ஆணையை அரசு வெளியிட வேண்டும். ஆனால் இணையம் பெறுவதே அடிப்படை உரிமையா என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை. அதற்கு முன்பு 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், விடுதியில் கைப்பேசிக்கு விதித்த தடையை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையம் பெறுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்றது. உங்கள் மாவட்டத்தில் இணையம் துண்டிக்கப்பட்டால் முதல் வேலை, ஆணையின் நகலைக் கேட்பது. அது இல்லாமல் வழக்கு நடத்துவது கடினம்.

நான்காவது அடி. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் இறந்த மாட்டின் தோலை உரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள், அதைத் தாங்களே படம் பிடித்துப் பரப்பினார்கள். அவமானப்படுத்த எடுத்த அந்தப் படமே அவர்களுக்கு எதிரான சாட்சியாயிற்று. "இனி உங்கள் மாட்டை நீங்களே தூக்குங்கள்" என்று குஜராத் தலித்துகள் எழுந்தார்கள். இணையத்தில் நம்மைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் அது குற்றமாகுமா என்று பலரும் கேட்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம்' என்கிறது. முகநூல் பதிவுக்கும் சட்டம் பொருந்தும் என்று 2017இல் டெல்லி உயர் நீதிமன்றமும், இணையத்தில் ஏற்றிய காணொளியை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் பாதிக்கப்பட்டவர் அங்கே இருப்பதாகவே கொள்ளலாம் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் கூறியுள்ளன. எனவே வசைப்பதிவைப் பார்த்துக் கோபத்தில் பதில் எழுதுவதற்கு முன் அதன் முகவரி, தேதி, நேரம் தெரியும்படி நகல் எடுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க முன்பு சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழ் வேண்டியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு. இந்தச் சான்றிதழில் கோட்டைவிட்டால் நல்ல வழக்கும் பலவீனமாகிவிடும்.

கடைசியாக ஒன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அண்ணல் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' கொண்டுவந்தார். அடுத்தவர் பத்திரிகையில் ஓரத்தில் இடம் கேட்டுக் காத்திருக்காமல் சொந்தமாக இதழ் கண்டார்கள். இன்று நாம் எழுதுவதெல்லாம் பிறர் நிறுவனத்தின் திண்ணையில். கணக்கை முடக்கினால் ஒரே நொடியில் பத்தாண்டு எழுத்து போய்விடும். எழுதுவதை எழுதுங்கள், ஆனால் ஒரு பிரதியை நம் கையிலும், ஒரு பிரதியைக் காகிதத்திலும் வையுங்கள்.

மகாடில் குளம் அதற்கு முன்பும் அங்கேயேதான் இருந்தது. நம் மக்கள் சேர்ந்து நடந்துபோனதால்தான் அது பொதுக்குளம் ஆயிற்று. 'அனைவருக்கும் இணையம்' என்ற அறிவிப்பையும் நாம் அப்படி நடந்துபோய்த்தான் உண்மையாக்க வேண்டும்.

ஜெய்பீம்.