நீர்பிரி முகடும் நாட்டெல்லையும்: இலடாக் நிலவமைப்பு

மலைமுகடே நாட்டிற்கு இயற்கை எல்லையாம் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. முகட்டின் ஒருபுறத்து நீர் ஓராற்றிற்கும் மறுபுறத்து நீர் வேறோர் ஆற்றிற்கும் செல்லுதலின், அந்நீர்பிரி முகட்டை எல்லையாகக் கோடல் எளிது என்பர். இக்கருத்து இலடாக்கில் எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இலடாக் தனிமலை அன்று; மலைகளின் நிரல். தெற்கிலிருந்து வடக்கே செல்வார்க்குப் பேரிமயம், சான்ஸ்கர், இலடாக், காரகோரம் என்னும் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். சான்ஸ்கர்த் தொடர்க்கும் இலடாக் தொடர்க்கும் இடையே சிந்துவும், இலடாக் தொடர்க்கும் காரகோரத்திற்கும் இடையே சியோக்கும் ஓடுகின்றன. பருவக்காற்றின் ஈரத்தைப் பேரிமயம் தடுத்துவிடுதலின், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகர், ஆண்டிற்கு 100 மில்லிமீட்டர் அளவே மழையும் பனியும் பெறுகின்றது. உருகிவரும் பனிநீரே வாற்கோதுமைக் கழனிகட்கு உயிர். இதனைக் குளிர்ப்பாலை எனல் தகும்.

இதன் வடகிழக்கே உள்ளது அக்சாய்ச்சின் மேட்டுநிலம். உயரம் ஏறத்தாழ 5,000 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 38,000 சதுரக் கிலோமீட்டர். இங்குத் தோன்றும் கல்வான் ஆறு மேற்கே பாய்ந்து சியோக்கில் கலந்து, சிந்து வழியாகக் கடல் சேர்கின்றது. காரகாசு ஆறோ வடபால் சென்று, குன்லுன் மலையைக் கடந்து தாரிம் பாலைநிலத்தை நோக்கி ஓடுகின்றது. இடைநிலத்து நீர் எப்பக்கமும் செல்லாது, உப்பேரிகளில் தங்கி ஆவியாகின்றது. தெற்கிலுள்ள பாங்காங் ஏரியும் இத்தகையதே. முன்னாளில் சியோக்கிற்கு வடிந்த அவ்வேரி, வாயில் அடைபட்டமையின் உவர்நீர் ஏரியாயிற்று.

ஆகவே, ஈண்டு நீர்பிரி முகடு ஒன்றன்று. சிந்துவிற்குரியது ஒன்று, தாரிமிற்குரியது மற்றொன்று. இரண்டிற்கும் நடுவே எவ்வாற்றிற்கும் உரிமையாகா நிலம். 1865இல் ஜான்சன் நிகழ்த்திய நில அளவையைச் சார்ந்த கோடு குன்லுன் வரை சென்றது. 1899இல் பிரிட்டிஷார் சீனத்திற்கு முன்மொழிந்த கோடோ, தெற்கே ஒதுங்கிப் பெரும்பாலும் சிந்துவின் முகட்டைத் தழுவியது. இரு கோடுகட்கும் இடைப்பட்ட நிலத்தின் ஊடாகவே சீனர் 1957இல் சாலை அமைத்து முடித்தனர். 1962இல் போர் மூண்டது. அக்சாய்ச்சின் இன்று சீனர் ஆட்சியில் உளது; இந்தியா அதனைத் தன் நிலமெனக் கூறுகின்றது. 2020இல் கல்வான் பள்ளத்தாக்கில் இருநாட்டு வீரரும் மாண்டனர்.

முகடே எல்லை என்னும் விதி, எம்முகடு என்னும் வினாவிற்கு விடை தருவதில்லை. நிலம் முகடுகளைக் காட்டும். அவற்றுள் ஒன்றை எல்லையாக ஏற்றல் இருதிறத்தார் உடன்பாட்டினாலேயே அமையும் என்பது இதனாற் பெறப்படும்.