வயலெலியும் மீன்கொத்தியும்

வயலையடுத்த வாய்க்காற் கரையிலே வளையொன்று காணப்படின், அதனைக் குடைந்தது யாதென வாயிலைக்கொண்டே துணியலாம். வாயிலின்முன் புதுமண் குவிந்து அடைபட்டிருப்பின், அது பெருச்சாளிச் சாதியிற் சிறியதாகிய வயலெலியின் வீடு. செங்குத்தான கரையின் நடுவே வாய் திறந்து, கீழே எச்சம் ஒழுகியிருப்பின், அது பெரும்பாலும் மீன்கொத்தியின் வளை. விலங்கையும் பறவையையும் நாம் ஈண்டு ஒருங்கு நோக்கப் புகுந்தது இத்தொழில்பற்றியே.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. முன்புறம் மட்டும் கடினமாயிருத்தலின், தேயுந்தோறும் உளிபோற் கூர்மையடைவன. மீன்கொத்திக்கோ பல்லில்லை. அது கரையை நோக்கிப் பறந்துவந்து அலகால் மோதி மண்ணைப் பெயர்க்கும். நிற்க இடம் வாய்த்தபின் அலகாற் கொத்திக் காலாற் பின்னே தள்ளும். முன்விரல்களிற் சில அடியில் ஒட்டியிருத்தல் இதற்கு உதவும் போலும். சேவலும் பெடையும் இவ்வாறு மாறிமாறி உழைக்கும். எலி பெரும்பாலும் வளைக்கு ஒன்றாகவே வாழும்.

பறவையின் வளை ஒற்றை வழி. முடிவில் ஒரு சிற்றறை. மெத்தை யாதுமின்றி நான்கு முதல் ஏழு வரை வெண்முட்டைகள் வெறுமண்ணிற் கிடக்கும். குஞ்சுகள் வளர வளர எச்சமும் இரையின் எச்சிலும் சேர்ந்து நாற்றம் மிகும். பண்டைப் புலவர் சிரல் எனப் பாராட்டிய நீலப்பறவையின் வீடு இது! அந்நீலமும் சாயமன்று, இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறுதலால் தோன்றுவது.

எலியின் வளையோ பல வழியும் பல அறையும் உடையது: உறங்க ஓரறை, வைக்கோல் பரப்பிக் குட்டியீன ஓரறை, நெற்கதிர் சேர்க்க வேறறை. மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் களஞ்சியமற்றன எனப் பறவைகளைச் சுட்டியது மீன்கொத்திக்கு முற்றும் பொருந்தும். எலியின் களஞ்சியமோ உழவன் வியர்வையால் நிறைந்தது. வளையைத் தோண்டி எலியைப் பிடித்து, அந்நெல்லையும் மீட்டெடுத்து உண்ணும் இருளர் நம் நாட்டில் உளர். அவர்தம் கலத்தில் விழும் சோறு சிலவேளை இதுவே.

வரப்பைத் துளைத்து நீரை வடியவிடும் கேட்டையும் எலியே செய்யும்; நண்டும் அதற்குத் துணை. வெண்மார்பு மீன்கொத்தி மீனை மட்டும் நம்பி வாழ்வதன்று. நண்டு, தத்துக்கிளி, ஓணான், சிலபோது சுண்டெலியும் அதற்கு இரையாம். ஆதலின் உழவனுக்கு அதனால் நட்டமில்லை. ஆயினும் வாய்க்காற் கரைக்குச் சிமெந்து பூசுங்கால் எலி அடுத்த வரப்பிற்குப் போய்விடும். செங்குத்தான மண்கரையை நாடும் மீன்கொத்திக்கு வரப்பு உதவாது.